கார் கணக்கை கம்ப்யூட்டரில் எழுதுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கு எதற்கு?" கேட்பவர் சொந்தக் காரில் தொழிலுக்காகச் சுற்றுபவர் என்றால், கார் ஓடிய கணக்கை எழுதத்தான் என்பேன். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. பெட்ரோல் பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறைய வருகிறார்கள். கிலோமீட்டரை எழுதி வைத்திருப்பவர்கள் அபூர்வம்.

பெட்ரோல் பில், பணம் செலவானதைத்தான் காட்டும். எதற்காகச் செலவானது என்று காட்டாது. ஒரே காரைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் பயன்படுத்தினால், தொழிலுக்கான பங்கை மட்டுமே செலவாகக் கழிக்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும், 2026 ஏப்ரல் 1-ஐ அமலாக்க நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதுதான் அடிப்படை. அந்தப் பங்கு எவ்வளவு என்று நீங்கள் காட்டாவிட்டால், அதிகாரி தாமே ஒரு மதிப்பீடு போடுவார்.

மொத்த விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய திட்டத்தில் இருப்பவர்கள் காருக்கெனத் தனியாகச் செலவு கழிக்க முடியாது. ஆனால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் போலக் கமிஷன் வருமானம் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. அவர்களுக்கு இந்தக் கணக்கு மிக அவசியம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வருடத்தில் கார் 15,000 கி.மீ. ஓடுகிறது. அதில் தொழிலுக்கு 11,400 கி.மீ., அதாவது 76 சதவீதம். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். காரின் கணக்கு மதிப்பு 4 லட்சம் என்றால் 15 சதவீதத் தேய்மானம் 60,000 ரூபாய். ஆக மொத்தம் 2 லட்சம். பதிவு இருந்தால் 1,52,000 ரூபாய் கழிக்கலாம். பதிவு இல்லாமல் பாதிதான் ஏற்கப்பட்டால் ஒரு லட்சம். 20 சதவீத வரி கட்டுபவருக்கு, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, வித்தியாசம் 10,816 ரூபாய்!

இதற்குத் தேவை ஒரே ஒரு ஒர்க் ஷீட். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஏழு நெட்டு வரிசைகள் அமையுங்கள்: தேதி, புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், கி.மீ., சென்ற இடம், காரணம், வகை. கி.மீ. வரிசையில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் பார்முலா போடுங்கள். வகை வரிசையில் "தொழில்", "சொந்தம்" என்ற இரண்டில் ஒன்றுதான். "சம்இஃப்" என்ற பங்ஷன், தொழில் கிலோமீட்டரை மட்டும் கூட்டித் தரும். அதை மொத்த கிலோமீட்டரால் வகுத்தால் உங்கள் சதவீதம் கிடைக்கும்.

சொந்தப் பயணத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் எழுதுங்கள். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு தடவைகூடப் போகாத குடும்பக் காரை யார் நம்புவார்கள்? சொந்தப் பயணமும் பதிவாகியிருப்பதுதான் மற்ற வரிகளை நம்ப வைக்கிறது.

மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து, காப்பி, பேஸ்ட் செய்து வருடம் முழுவதையும் நிரப்புவது வீண் வேலை. சர்வீஸ் பில்லில் அன்றைய மீட்டர் அளவு அச்சாகியிருக்கும். உங்கள் ஷீட் அதனோடு ஒத்துப் போகாவிட்டால் முழுக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அன்றன்று இரவு ஒரு வரி டைப் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மாதம் முடிந்ததும் அந்த பைலை உங்களுக்கே இமெயிலில் அனுப்பிக் கொள்ளுங்கள். மெயிலில் உள்ள தேதி, அந்தக் கணக்கு அப்போதே எழுதப்பட்டது என்று பேசும். ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் பிரதி இருக்கும்.

மொபைலில் ஆப் இருக்கும்போது டைப் செய்வானேன் என்று சிலர் கேட்பார்கள். ஆப் நீங்கள் போன இடத்தை அறியும். போன காரணத்தை அறியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேலும், நீங்கள் தினமும் போய் வரும் இடங்களையெல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில் சேர்த்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும்.

நிதியாண்டின் நடுவில் இருக்கிறோமே, ஏப்ரலில் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இன்று இரவே காரின் மீட்டரைப் பார்த்து முதல் வரியை அடியுங்கள். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை இந்த ஒரு ஷீட்டே திருப்பித் தந்துவிடும்.