குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை!

இதனைப் படித்துச் சிலர் சினம் கொள்ளலாம். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

பரிசளிப்பு விழா, பொங்கல் விழா, ஆசிரியர் தினம் என எந்த மேடையாயினும் பெரும்பாலும் ஒரே நிலைதான். கீபோர்டு இரைகிறது; ஒலிபெருக்கி உறுமுகிறது; வாரக்கணக்கில் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் குரல் அவற்றின் அடியில் புதைந்து போகிறது. உடனே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "இன்னும் பெரிய ஒலிபெருக்கி வாங்குவோம்" என்று தீர்மானம் போடுகிறார்கள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்! குற்றம் கருவியை மிக்சரில் இணைக்கும் முறையில் இருக்கிறது.

மைக் தருவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தமே. கீபோர்டும் மின்னியல் சுருதிப்பெட்டியும் தருவது அதனைவிடப் பன்மடங்கு. மைக்குக்கு வைத்த கெயின் அளவிலேயே கீபோர்டையும் செருகினால் ஒலி உடைந்து கரகரக்காமல் என்ன செய்யும்? அதற்கென்றே லைன் துளை இருக்கிறது. கெயினை முழுவதும் குறைத்து, வாசிப்பவரை உரக்க வாசிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு மெல்ல ஏற்றுவதே முறை.

அடுத்து உறுமல். மேடையிலிருந்து மண்டபத்தின் பின்புறம் வரை சாதாரண கிட்டார் கம்பியை இழுத்தால், அது வழியிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். அத்தகைய கம்பி 5, 6 மீட்டருக்கு மேல் நீளாதிருப்பது நன்று. அதற்கப்பால் டி.ஐ. பெட்டி வேண்டும். அது ஒலியை இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புகிறது; மிக்சர் அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் புகுந்த இரைச்சல் கழிந்துவிடுகிறது. இப்பெட்டியின் விலை, வாங்கத் துடிக்கும் ஒலிபெருக்கியின் விலையில் சிறு பங்கே.

இதே கழித்தல்தான் மற்றொரு குழப்பத்துக்கும் காரணம். கீபோர்டு அல்லது மடிக்கணினியின் ஸ்டீரியோ ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஸ்டீரியோ கம்பியை மிக்சரின் ஒரு பேலன்ஸ்டு துளையில் செருகுகிறார்கள். இடம், வலம் இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலி கழிந்து, பாட்டின் நடுப்பகுதியே காணாமற்போகிறது. பழி கருவியின் மேல் விழுகிறது! இரண்டாகப் பிரியும் கம்பியால் இரு சேனல்களில் இணைத்தால் தீர்ந்தது.

உறுமலை நிறுத்த எர்த் கம்பியைத் துண்டிப்போரும் உளர். இதனை வன்மையாகக் கண்டிக்கிறேன். கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், மைக்கைப் பற்றியிருக்கும் பிள்ளையின் கைவழியே அது பாயக்கூடும். டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' விசை இருப்பது இதற்காகத்தான்.

"இவையெல்லாம் ஒலியமைப்பாளர் வேலை, ஆசிரியருக்கு எதற்கு?" என்பர். பிள்ளையின் ழகரமும் லகரமும் ளகரமும் சபைக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பதை வாடகைக்கு வந்தவர் எவ்வாறு அறிவார்? ஆண்டு முழுவதும் உச்சரிப்பைத் திருத்தியவர் நாம். அதனை மேடையில் காப்பதும் நம் கடமையன்றோ?

"சத்தம் இருந்தால்தான் விழா களைகட்டும்" என்பாரும் உளர். பொழுதுபோக்கு அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. நம் முன்வரிசையில் அமர்வோர் ஏழு வயதுப் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள். குரல் கேட்கவில்லையெனில் முதலில் கீபோர்டைக் குறையுங்கள். மைக்கை மேன்மேலும் ஏற்றினால் கிடைப்பது வீறிடல் மட்டுமே.

அடுத்த விழாவுக்கு முன், ஓர் ஆசிரியரை இப்பணிக்கென நியமியுங்கள். பிள்ளைகளைப் பாடச் சொல்லி, அரைமணி நேரம் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். பாடலின் ஒவ்வொரு சொல்லும் அங்கே புரிந்த பின்னர், புதிய ஒலிபெருக்கி தேவையா எனக் கூட்டத்தில் பேசுவோம்.