பழைய ஒளிநாடாவும் புதிய தெளிவும்

கல்லூரி அன்னையின் விழாக்காலம் அணுகுந்தோறும் பழையன தேடும் ஆர்வம் நம்மிடையே பெருகுதல் இயல்பே. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, நவராத்திரி விழா முதலியன பதிவாகிய ஒளிநாடாக்கள் சில, இடப்பெயர்வுகளுக்குத் தப்பிப் பழைய மாணவர் இல்லங்களிலிருந்து வந்து சேர்ந்துள்ளன. அவற்றை, இக்காலத்து எச்.டி. எனப்படும் உயர்தெளிவுக் காட்சிகளோடு சேர்த்து விழாப்படம் ஒன்று தொகுத்தல் வேண்டுமென அன்பர் பலர் விழைகின்றனர். விழைவு நன்று. அதனை நிறைவேற்றும் முறைபற்றியே ஈண்டுச் சில கூற எண்ணினோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். ஏட்டிலிருந்து நூல் பதிப்பித்தலும் நாடாவிலிருந்து படம் தொகுத்தலும் ஒரே அறத்தின்பாற்பட்டன என்பதே எமது விடை.

முதலில் நாடாவின் இயல்பை அறிதல் வேண்டும். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ என்னும் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றுட் காட்சியைத் தாங்குவன 576. அதனைக் கணினிக்கு மாற்றும்போது 720க்கு 576 என்ற அளவில் 4,14,720 புள்ளிகள் அமையும். உயர்தெளிவுப் படமோ 1920க்கு 1080. அதாவது 20,73,600 புள்ளிகள். இது முன்னதிலும் சரியாக ஐந்து மடங்கு. ஆகவே, பெரிதாக்கிய படத்தின் ஐந்து புள்ளிகளுள் ஒன்றற்கே நாடாவிற் சான்றுண்டு. எஞ்சிய நான்கும் கணினி இட்டு நிரப்புவன.

இட்டு நிரப்பும் வழி இருவகைத்து. அயலிலுள்ள புள்ளிகளை அளந்து இடைப்பட்டதைக் கணக்கிடுதல் ஒன்று. இதனாற் படம் பெரிதாகும், தெளிவு மிகாது, பொய்யும் புகாது. மற்றையது, எண்ணற்ற படங்களைக் கண்டு பயின்ற செயற்கை நுண்ணறிவு, இவ்விடத்தில் இன்னது இருந்திருக்கும் என ஊகித்து வரைதல். இதனாற் படம் பளிச்சிடும். ஆயின் அப்பளிச்சு நாடாவிலிருந்து வந்ததன்று.

அண்மையில் அன்பர் ஒருவர், பரிசளிப்பு விழா நாடா ஒன்றினை இவ்வாறு புதுக்கி வந்து எமக்குக் காட்டினார். திரைச்சீலையின் மடிப்புகள் துலங்கின. மாலையின் பூக்கள் பொலிந்தன. மேடையோரத்தில் நின்ற எம் ஆசிரியர் ஒருவரை, இன்று நம்மிடை இல்லாதவரை, நாம் தேடினோம். நாடாவில் அவர் முகம் சிறியது, கலங்கியது. எனினும் தலையைச் சற்றே சாய்த்து நிற்கும் அந்நிலையைக் கண்டதும் அவரென அறிவோம். புதிய படத்தில் அவ்விடத்தே, கண்ணும் மூக்கும் கூர்மையாய் அமைந்த வேறொருவர் நின்றார். அருகிருந்த இளைஞர், “சேர் அப்போது இவ்வளவு இளமையா?” என வியந்தார். நாம் மறுமொழி கூறவில்லை. அவரை நேரிற் கண்டறியாத அவ்விளைஞருக்கு இனி அம்முகமே அவர் முகம் ஆகிவிடுமே என்பதே எமது கவலை.

உ. வே. சாமிநாதையர் 1894 ஆம் ஆண்டிற் புறநானூற்றை அச்சேற்றினார். 267, 268 ஆம் செய்யுள்கள் ஏடுகளிற் கிடைத்தில; சிதைந்த அடிகளும் பலவுள. செய்யுள் இயற்றும் ஆற்றல் அவர்க்கு இல்லாமலில்லை. எனினும் அவ்விடங்களைத் தாமே நிரப்பினாரல்லர். இல்லாததை இல்லாததாகவே விட்டார். அதனாலன்றோ எஞ்சியவற்றை நாம் ஐயமின்றிப் பயில்கின்றோம்! ஏட்டில் இல்லாத அடியைப் புனைதல் தவறாயின், நாடாவில் இல்லாத முகத்தைப் புனைதலும் தவறே.

இனி, தொகுப்போர் கைக்கொள்ளத்தக்கன சில. நாடாவை முதலில் அதன் இயல்பான 576 வரி அளவிலேயே கணினிக்கு மாற்றி, அம்மூலத்தை எவரும் திருத்தாவண்ணம் இரண்டு மூன்று இடங்களிற் காத்தல் வேண்டும். பெரிதாக்குவது அதன் படியினையே.

இந்நாடாக்களில் ஒரு படம் இரு பாதியாய்ப் பதியப்பட்டிருக்கும்: ஒற்றை வரிகள் ஒருகாலும் இரட்டை வரிகள் ஒருகாலுமாக, செக்கனுக்கு 50 பாதிகள். இவற்றை முறையாகப் பிரித்து 50 முழுப்படங்களாக்கிய பின்னரே பெரிதாக்கல் தகும். முறை பிறழின், ஓட்டப் போட்டியில் ஓடுவோன் கைகால்களின் விளிம்பு சீப்பின் பற்கள்போலப் பிளவுபட்டுத் தோன்றும்.

பழைய படத்தின் அகலமும் உயரமும் 4க்கு 3. புதியது 16க்கு 9. திரையை நிரப்புவான் வேண்டிப் பக்கவாட்டில் இழுப்பின் முகங்கள் மூன்றிலொரு பங்கு அகலும். மேலும் கீழும் வெட்டின் உயரத்திற் காற்பங்கு போய், குழுப்படத்திற் பின்வரிசையார் தலையிழப்பர். 1440க்கு 1080 என நடுவில் அமைத்து, இருபுறமும் 240 புள்ளி அகலத்தைக் கருமையாக விடுதலே நேரிது.

பெருந்திரையிற் கலங்கிய காட்சியை இளையோர் விரும்பார் என்பர் சிலர். அவ்வுரையில் உண்மையுண்டு. நிறத்தைச் சீர்செய்க, இரைச்சலைக் குறைக்க, இவை ஏடெழுதினோன் பிழை களைதல் போல்வன. அதற்குமேல் ஊகித்து வரைந்த காட்சி வேண்டுமாயின், அது புனைவென்று திரையிலேயே எழுதிக் காட்டுக.

சிறுப்பிட்டி ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் கைப்பட உதிர்ந்த நிலையைப் பதிப்புரையில் எடுத்துரைத்து வருந்தினார். நம் நாடாக்களும் அந்நிலைக்கே செல்கின்றன. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அவற்றிற் பூஞ்சணம் படர்கின்றது. வீ.எச்.எஸ். நாடாவை ஓட்டும் கருவியை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய், 2016 இல் அதனை நிறுத்திவிட்டது. எனவே திரட்டும் பணத்தைப் பளிச்சிடச் செய்வதற்குச் செலவிடுமுன், நாடாக்களைத் துடைத்து ஓட்டி மூலத்தைக் காப்பதற்குச் செலவிடுக என்பதே எமது வேண்டுகோள். பழைய மாணவ அன்பர்காள், நும் அலுமாரிகளிற் கிடக்கும் நாடாக்களை இவ்விழா ஆண்டிலேயே கல்லூரிக்கு ஈந்து உதவுமின். கலங்கிய படமாயினும் எம் ஆசிரியரை அவர்தம் முகத்தோடேயே வருங்கால மாணவர் காண்பாராக.