இரண்டு ஊசி, ஒரு நூல்

1984-ல் பாரிஸிலிருந்து லண்டன் போன விமானம். சிறு குழந்தையுள்ள தாய்க்கு ஏற்ற பை ஒன்றுகூடக் கிடைப்பதில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அலுத்துக்கொண்டார் நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின். அவர் எர்மெஸ் நிறுவனத்தின் தலைவர் ழான்-லூயி துமா. உடனே படம் வரைந்தார். பிறந்தது 'பிர்கின்' பை. ஜேன் பிர்கின் 2023-ல் காலமானார். அவருக்கென்றே செய்த முதல் பை, 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது.

ஒரு தோல் பைக்கு இவ்வளவா? பிரபலத்தின் பெயரும், சரக்கை அரிதாகவே வைத்திருக்கும் வியாபார சாமர்த்தியமும் பெரிய காரணங்கள். கையில் பணம் இருந்தாலும் கடைக்குப் போனதும் கிடைத்துவிடும் பை அல்ல இது. ஆனால் வேலைப்பாடு வெறும் பம்மாத்து இல்லை.

1837-ல் குதிரைக்கு வார், கடிவாளம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது எர்மெஸ். அந்தக் காலத்துத் தையல்தான் இன்றும். மெழுகு ஏற்றிய ஒரே லினன் நூல், அதன் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைகின்றன. மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையலும் நெகிழும். இதில் மற்றவை பிடித்துக்கொள்ளும். ஓடும் குதிரையின் வார் அறுந்தால் ஆபத்து என்பதால் வந்த ஜாக்கிரதை இது. ஒரு பையை ஒரே கைவினைஞர் ஆரம்பம் முதல் கடைசிவரை செய்கிறார். அவரது முத்திரையும் அதில் பதிகிறது.

தோல் வேலைக்கு இங்கே என்ன மரியாதை? 2025 ஜூனில் மிலான் மேடையில் இத்தாலியின் பிராடா காட்டிய செருப்பு, அப்படியே கோலாப்புரிதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே இந்தியக் கைவினையின் தாக்கத்தை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அதைச் செய்து வருபவர்கள், தோலைத் தொட்டதற்காகவே தலைமுறைகளாகத் தள்ளிவைக்கப்பட்ட தலித் சமூகத்தினர்.

பாரிஸில் தோல் தைத்தால் கலைஞர். இங்கே அதே வேலை சாதியாகிவிட்டது. பிர்கின் விலையை யாரும் கேட்கவில்லை. செருப்பின் உள்பக்கம் செய்தவரின் முத்திரை, அந்த உழைப்புக்கு ஏற்ற கூலி, இரண்டும் போதும்.