தமிழ் படித்தவளுக்கும் ஒரு பதாகை



மலாயாப் பல்கலைக்கழகத்தின் அண்மைய பட்டமளிப்பு விழாவன்று டேவான் துங்கு சான்செலர் மண்டபத்திற்கு வெளியே, பூங்கொத்து விற்போரின் நடுவே இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். கிள்ளானில் என்னிடம் நான்காம் ஆண்டு பயின்ற மாணவி ஒருத்தி அன்று பட்டம் பெற்றாள். அழைப்பு இருவருக்கு மட்டுமே. தாயையும் அப்பாயியையும் உள்ளே அனுப்பிவிட்டாள். ஆகவே அவள் தந்தையும் நானும் வெளியே நின்றோம். அவர் லாரி ஓட்டுநர். கையில் தெங்கு கிளானா சாலையில் வாங்கிய மல்லிகை மாலை இருந்தது.

அவள் பெற்றது இந்திய ஆய்வியல் துறையில் இளங்கலைப் பட்டம். எஸ்.டி.பி.எம். முடித்து அத்துறையைத் தேர்ந்தபோது, "தமிழப் படிச்சிட்டு எங்கம்மா வேலைக்குப் போவ?" என்று கேட்டவர் இதே தந்தைதான். என்னிடம் கருத்துக் கேட்க வந்தாள். நானும், "எதற்கும் கணக்கியலுக்கு விண்ணப்பித்து வையம்மா" என்றேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் சொன்ன சொல் இது! இன்று நினைத்தாலும் கூசுகிறது.

காத்திருந்த நேரத்தில் அத்துறை பிறந்த கதையை அவரிடம் சொன்னேன். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற கேள்வியும் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளி எனத் தமிழரிடம் நிதி திரட்டினார். 1956இல் துறை அமைந்தது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் இங்கு வந்த தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டையே இந்நகரில் கூட்டினார்.

"ஒரு வெள்ளியா சார்? எங்க தாத்தாவும் குடுத்திருப்பாரோ?"

"தெரியலையே அண்ணே" என்றேன். உண்மையும் அதுதான்.

நம் பள்ளிகளின் வாசலில் தொங்கும் பதாகைகளைப் பாருங்கள். மேனாள் மாணவர் மருத்துவரானால் பதாகை உண்டு. வழக்கறிஞரானால் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர். தமிழில் பட்டம் பெற்றவரை எந்தப் பள்ளியாவது மேடையேற்றியதைக் கண்டீர்களா? எங்கள் பள்ளி விருந்தினர் பட்டியலை நான்கு ஆண்டுகள் தயாரித்தவன் நான். அதில் ஒருவர்கூட இல்லை.

பெற்றோரின் அச்சம் வீண் என்று சொல்லமாட்டேன். இப்பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் ஆசிரியராகிவிட முடியாது. கல்வியியல் பயிற்சியும் வேண்டும். ஆனால் உறுதியான வேலை என்று நாம் நம்பும் மருத்துவத்தின் நிலை என்ன? 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை மறந்துவிட்டோமா? வீட்டை அடகு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பிய குடும்பங்கள் கிள்ளானில் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் "வேலை கிடைக்குமா?" என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியைத் தமிழ் படிப்பவளுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதுபவர் யார்? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு இலக்கணம் சொல்லித்தந்தவர் எங்கே தமிழ் கற்றார்? கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டு, "பாடநூலில் பிழை மலிந்துவிட்டது" என்று ஆசிரியர் அறையில் புலம்புகிறோம்.

விழா முடிந்தது. முதலில் வெளியே வந்தவர் அப்பாயி. பால்மரம் சீவி இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். "பேரு கூப்பிட்டாங்க, போனா, வாங்கினா, வந்துட்டா. அவ்வளவுதானா வாத்தியாரே?" என்றார், சற்றே ஏமாற்றத்துடன். தந்தை அந்த ஒரு வெள்ளியைப் பற்றி அவரிடம் கேட்டார்.

"எங்கப்பாரு கோயிலுக்கும் குடுப்பாரு, பள்ளிக்கூடத்துக்கும் குடுப்பாரு. எதுக்குன்னு எங்ககிட்ட சொன்னதில்ல" என்றார் அப்பாயி. அதற்குள் பேத்தி அங்கியுடன் ஓடி வந்தாள். மாலையை யார் போடுவது என்பதில் சிறு குழப்பம். கடைசியில் தந்தையே போட்டார்.

இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு அவளை அழைக்கலாம் என்று கூட்டத்தில் முன்மொழிந்தேன். "எந்தத் துறை?" என்று கேட்டார்கள். "தமிழ்" என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. மீண்டும் கேட்பேன்.