அணைந்த விளக்கும் அணையாத கிரணமும்

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு, மன்னார்குடி மதிலழகு" என்று தஞ்சைச் சீமையில் ஒரு வசனம் உண்டு. சென்ற மார்கழியில் மன்னார்குடிக்குப் போயிருந்த நாம், விளக்கழகைக் காண வேதாரண்யம் வரையில் போகவேண்டியதில்லை என்று கண்டுகொண்டோம். இருட்டியதும் ஹரித்திராநதிப் படிக்கட்டில் ஏழெட்டுக் குழந்தைகள் கூடியிருந்தார்கள். அவர்கள் நடுவே நம் நண்பர், உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர், பேனா அளவுள்ள ஒரு குழலை ஆகாயத்தை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அமுக்கினார். பச்சை நூல் ஒன்று கிளம்பிப் போய்த் திருவாதிரை நட்சத்திரத்தைத் தொட்டாற்போல் நின்றது. 23 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அந்தக் குளமே ஒரு கணம் மௌனமாயிற்று.

ஆகாயத்தில் விமான விளக்கு எதுவும் தெரியவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அவர் பொத்தானைத் தொடுவார். 2025-ம் வருஷம் மே மாதத்தில் சென்னையில் இறங்கவிருந்த விமானத்தின் மீது யாரோ லேஸர் கிரணத்தைப் பாய்ச்சிய செய்தி அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

மறுநாளே விபத்து. குழல் கை தவறிக் கருங்கற்படியில் விழுந்தது. பிறகு அமுக்கினால் நூலைக் காணோம். சுவரில் காட்டினால் பாசி படர்ந்தாற்போல் ஒரு மங்கல் புள்ளி. அதன் பக்கத்தில் இரண்டு குட்டிப் புள்ளிகள். "பிழைக்குமா, பாரும்" என்று நம்மிடம் கொடுத்தார். நாம் வைத்தியரல்ல. ஆயினும் கெட்டுப்போன சாமானைக் கண்டால் நமக்கு உண்டாகும் சபலம் நம் வீட்டாருக்குத் தெரியும்!

முதலில் பாட்டரிக் கட்டைகளை எடுத்தோம். இம்மாதிரிக் குழல்களில் பாதி நோய் அங்கேதான் இருக்கும். பல மாதம் உள்ளேயே கிடந்த கட்டை கசிந்து, சுருள் கம்பியில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். எலுமிச்சஞ்சாற்றில் தோய்த்த பஞ்சால் அதைத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் உலர்த்தினால் பல குழல்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு ஜாக்கிரதை: சில குழல்களில் கட்டையின் பிளஸ் முனை, டார்ச் லைட்டில் போவதற்கு நேர்மாறாகப் போகும். கழற்றுமுன் பார்த்து வைத்துக்கொள்ளாமல் திருப்பிப் போட்டால் எரியாது. சில சமயம் எரிந்தே போகும். நம் கையிலிருந்த குழலில் கட்டைகள் புதியவை, கம்பி சுத்தம், பொத்தானும் சரியாக ஒட்டிற்று. குளிரோ என்றால் அதுவுமில்லை. மார்கழி விடியற்காலையில் குழல் மங்கினால், உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் தெளியும் என்பது உபாத்தியாயரின் அநுபவம். இந்தத் தடவை அந்த வைத்தியமும் பலிக்கவில்லை.

ஆகவே நோய் உள்ளே. அதை அறிய, அந்தக் குழலுக்குள் நடக்கும் காரியத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 532 என்று சீட்டில் அச்சிட்டிருக்கும் குழலினுள் பச்சை விளக்கு எதுவும் கிடையாது! அங்கே இருப்பது 808 நானோமீட்டர் அகச்சிவப்புக் கிரணத்தை வீசும் ஒரு சிறு டயோடு. அந்தக் கிரணம் கண்ணுக்குத் தெரியாது. அது நியோடிமியம் கலந்த வனடேட் ஸ்படிகத்தில் பாய்கிறது. அங்கிருந்து 1064 நானோமீட்டர் கிரணம் பிறக்கிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாததுதான். இது கே.டி.பி. என்ற இரண்டாவது ஸ்படிகத்துக்குள் போகையில், ஒளித்துகள்கள் இரண்டிரண்டாய் ஒன்று சேர்ந்து, 532 நானோமீட்டர் பச்சையாகின்றன. வெளிவாயிலில் ஒரு வடிகட்டி நின்று, மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க வேண்டும். மலிவுக் குழல்களில் இந்தக் காவற்காரன் சில சமயம் வேலைக்கே அமர்த்தப்படுவதில்லை.

கீழே விழுந்த அதிர்ச்சியில் ஸ்படிகங்கள் விரிசல் கண்டால், அல்லது மயிரிழை விலகினால், பச்சை குறைகிறது. ஆனால் டயோடு என்னவோ முன்போலவே பாய்ச்சிக்கொண்டிருக்கிறது.

இதை நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உபாத்தியாயரின் ஆறு வயதுப் பேரன் குழலை எடுத்துவிட்டான். "தாத்தா, உள்ளே லைட் செத்துப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாயைக் கண்ணருகில் வைத்து, பொத்தானைத் தேடினான். நாம் பிடுங்கிய வேகத்தில் குழந்தை அழுதுவிட்டான். பளிச்சென்ற பச்சை பட்டால் கண் தானே இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமைக்காது. விழித்திரையில் வலியும் தோன்றாது. கெடுதல் நடந்த பிறகே பார்வை மறைவது தெரியும்.

இது வீண் பயமல்ல. அமெரிக்காவின் தேசிய அளவை நிலையமான 'நிஸ்ட்' 2010-ல் ஒரு மலிவுப் பச்சைக் குழலைச் சோதித்தது. வெளிச்சமோ மங்கல், அகச்சிவப்போ ஏறக்குறைய 20 மில்லிவாட், பச்சையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அந்த நாட்டில் இத்தகைய குழலுக்கு அநுமதி 5 மில்லிவாட்தான். 2013-ல் அதே நிலையம் 122 குழல்களைச் சோதித்ததில், பச்சைக் குழல்களில் சுமார் 90 சதவிகிதம் விதிக்கு உட்படாதவை என்று கண்டது.

அந்த நிலையத்தார் காட்டிய வழியிலேயே நாமும் பரீட்சித்தோம். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துவாரமிட்டு, புத்தகங்களுக்கிடையே இறுக்கிய குழலின் கிரணத்தை அதன் வழியே பழைய ஸி.டி. தட்டின் மேல் விடவேண்டும். சிதறித் திரும்பும் ஒளி காகிதத்தில் புள்ளிகளாக விழும். பின்பக்கமாக நின்று காகிதத்தை மட்டும் பார்க்கவேண்டும். தட்டையோ குழலையோ பார்க்கலாகாது. டெலிவிஷன் ரிமோட்டின் முனை மின்னுவது எந்தக் காமிராவில் தெரிகிறதோ, அந்தக் காமிராவே இதற்கு உதவும். நம் வெறுங் கண்ணுக்குச் சில பச்சைப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. காமிராவில் அவற்றுக்கு நடுவே, கண்ணில் படாத வேறு புள்ளிகள் வெள்ளைவெளேரென்று நின்றன.

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர், "உள்ளே சிறு திருகு இருக்கிறது; திருப்பினால் வெளிச்சம் ஏறும்" என்றார். வாஸ்தவம், ஏறும். திருகு டயோடுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் கூட்டுகிறது. பச்சை கொஞ்சம் ஏறுவதற்குள், காணாத கிரணம் அதைவிட அதிகமாக ஏறிவிடும். ஸ்படிகத்தைப் பழைய நிலையில் நிறுத்தக் கூடிய கருவிகள் அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

உபாத்தியாயர் கட்டைகளைக் கழற்றி வைத்தார். பொத்தானை இடுக்கியால் நசுக்கி, குழலைக் காகிதத்தில் சுற்றி, மின்சாதனக் கழிவு வாங்குகிறவரிடம் கொடுக்க எடுத்து வைத்தார். அன்றிரவு குழந்தைகள் வழக்கம்போல் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் தம் பழைய குடையை நீட்டி, "அதோ, குடை முனைக்கு நேரே பார், திருவாதிரை" என்றார். பேரன் மட்டும் இன்னும் நம்மோடு பேசவில்லை.