வாதுவன் என்றொரு சொல்

கலித்தொகையின் 96ஆம் பாடலில், பரத்தையிடமிருந்து மீண்ட தலைவன் தான் குதிரையேறிவிட்டு வந்ததாகத் தலைவியிடம் பொய் சொல்கிறான். அவள் விடவில்லை. அந்தப் பெண்ணின் கூந்தலையும் அணிகளையும் குதிரையின் உறுப்புகளோடும் கலனையோடும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டி, அவனை 'வாதுவன்' என்று எள்ளுகிறாள். வாதுவன் என்றால் குதிரை பழக்குபவன். அந்தத் தொழிலை அறிந்த அவைக்குத்தான் இந்த எள்ளல் சுவைக்கும்.

இன்று புரவி, பரி, இவுளி, கலிமா எல்லாம் நம் அகராதியில் பத்திரமாக உள்ளன. குதிரையின் நடையை ஐங்கதி என வகுத்த நிகண்டு மரபும் உண்டு. வாதுவன் மட்டும் வழக்கிலிருந்து போய்விட்டான். நான் இதைச் சொல்லாராய்ச்சியாக எழுதவில்லை. குதிரையை நாம் வேகமாகவும் பெருமிதமாகவும் மட்டுமே பார்த்தோம், கற்கக்கூடிய ஓர் உடலாகப் பார்க்க மறந்தோம் என்பதே என் வாதம். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் கற்குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. பண்ணுருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட எங்கள் காடாம்புலியூர்ப் பக்கத்தில் ஐயனாரின் குதிரைகள் கண்ணை உருட்டி நிற்கின்றன. பாய்வதும் நிற்பதும் நமக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பயிற்சியை நாம் போற்றவில்லை.

இந்தக் குறையை அயலார் அன்றே கண்டனர். பாண்டிய நாட்டில் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் கூர்மையாகச் சொன்னார். நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள், முறையாகப் பழக்காமலே ஏறி விரட்டுகிறார்கள், வலிய குதிரையும் விரைவில் மந்தமாகிவிடுகிறது என்பது அவர் குறிப்பின் சாரம். அயலாரின் மிகையைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவது சிறிதன்று.

இன்றைய பந்தயக் குதிரையின் நிலை இதிலிருந்து எவ்வளவு வேறு? இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓய்ந்துவிடுகிறது. ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுவரை நீளும். அது கற்றதெல்லாம் கழுத்தை நீட்டிக் கடிவாளத்தில் சாய்ந்து பாய்வது ஒன்றே. நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதற்குக் காறை எலும்பும் கிடையாது. மார்புக்கூட்டைத் தாங்குபவை தசைகளே. அந்த முதுகில் ஆளும் ஏறி, குதிரை முன்பாரமாகவே நடந்தால் முதுகு இறுகும், கால் நோகும்.

ஆகவே மறுபயிற்சி என்பது முதலில் மறக்கவைப்பது. சில மாதங்கள் மேய்ச்சலில் விட வேண்டும். பல்லும் குளம்பும் முதுகும் சோதித்து, மாறிவரும் உடலுக்கேற்பச் சேணத்தைப் பொருத்த வேண்டும். பிறகு தளர்ந்த கடிவாளத்தில் நெடுநடை, பெரிய வட்டங்கள், தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டல், நடைக்கும் ஓட்டத்துக்குமிடையே அடிக்கடி மாற்றம். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசான் லா கெரினியேர் வற்புறுத்திய, தோளைச் சற்று உள்வாங்கிப் பக்கவாட்டில் நகரும் பயிற்சி அதன் பின்னர்தான். ஜெர்மானியர் இதற்குப் படிவரிசை வகுத்தனர்: தாளம், நெகிழ்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேர்மை, ஒடுக்கம். நெகிழ்வு இரண்டாம் படி. ஒடுங்கித் திரளும் வலிமை கடைசிப் படி. பரதத்தின் அரைமண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடிவது தளர்ச்சியா, வலிமையா? பின்னங்காலை வயிற்றின்கீழ் கொணர்ந்து, மூட்டை மடித்து, பாரத்தைப் பின்னே ஏற்கும் குதிரை செய்வதும் அதுவே. வற்புறுத்தலில் பிறக்கும் அசைவில் அழகில்லை என்று கிரேக்க நாட்டு செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2024இல் உதகைப் பந்தய மைதான நிலத்தையும், பின்னர் கிண்டி நிலத்தையும் அரசு தன்வசம் எடுத்தது. குத்தகை வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. நிலம், பாக்கி, பூங்கா என்று எல்லாம் பேசினோம். ஓடி ஓய்ந்த குதிரையைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரை நடைப்பயிற்சிப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்நால்வரும் ஐரோப்பாவில் பயின்றவர்கள். கலை இங்கே வேர்விடவில்லை.

'மனிதனுக்கே மறுவாழ்வில்லை, குதிரைக்கா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் அரசுக் கருவூலத்தைக் கேட்கவில்லை. பிரிட்டனில் பந்தயத் துறையே 2000இல் ஓய்வுபெற்ற குதிரைகளின் மறுபயிற்சிக்கென அறக்கட்டளை தொடங்கியது. இங்கும் பரிசுத்தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். காவல்துறைக் குதிரைப்படைக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள அறிவை ஒன்றுசேர்க்கலாம். குதிரைலாயத்தில் தலைமுறையாக உழைப்பவர்களுக்குச் சான்றிதழோடு கூடிய பயிற்சி தரலாம். அப்போது குதிரையோடு சேர்ந்து மனிதனுக்கும் பிழைப்புண்டு.

சங்கப் பாடலை வகுப்பில் உரைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? வாதுவன் என்ற சொல்லை மீட்பது எளிது. தொழிலை மீட்பதே கடினம், அதுதான் தேவையும்.