அடுப்பு யாருக்காக எரிகிறது?



பெருநாள் மாலைகளில் எங்கள் மஹல்லாவில் பிரியாணி மணத்தோடு கரிப்புகையின் மணமும் சேரத் தொடங்கிச் சில ஆண்டுகளாகின்றன. பவர் டேபிளில் தைப்பவர், காஜா பட்டன் மிஷினில் நிற்பவர், சாயப்பட்டறைக்குச் செல்பவர், கல்லூரி மாணவர் என எட்டுப் பேர் கூடினோம். பழைய இரும்புப் பீப்பாயை நெடுக அறுத்து அடுப்பாக்கினோம். பார்பிக்யூ என்று அழைக்கப்படும் சுட்ட இறைச்சியைச் சமைக்கக் கற்றுக்கொண்டோம். ஆகவே, இங்கு எழுதப்படும் கண்டனம் முதலில் எங்கள்மீதே விழுகிறது.

இக்குழுவால் விளைந்த நன்மையை மறைக்க மாட்டோம். காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கரி நின்று எரியும். ஆனால் அது சாம்பல் பூத்து வெளுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றவன் போட்ட இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். கொழுப்பு சொட்டித் தீ மேலெழும்போது, கரியை ஒருபுறம் ஒதுக்கி, கறியை மறுபுறம் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். சூடான கம்பியைப் பிடிக்கப் பனியன் வேஸ்ட் உதவும்; அதையே எரிபொருளாக்கினால் பாலியஸ்டரும் சாயமும் கலந்த புகை உணவில் படியும் என்பதை ஒரு மூத்தவர் கடிந்து சொல்லித்தான் அறிந்தோம். பாங்கு ஒலித்தால் இரு பிரிவாகத் தொழுதோம். கைப்பேசியில் கழிந்திருக்கக்கூடிய இரவுகள் அடுப்பைச் சுற்றிக் கழிந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு போட்டி வந்தது.

மஹல்லாக்களுக்கிடையே சமையல் போட்டி என்றார்கள். குழுவுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றார்கள், சூட்டினோம். பெயர் அச்சிட்ட டி-சர்ட் வேண்டுமென்றார்கள். திருப்பூரில் அதற்கா பஞ்சம்! ஒரு திருமண மண்டபத்தின் முன்றிலில் ஆறு அடுப்புகள் எரிந்தன. நடுவர்கள் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு துண்டுகளைச் சுவைத்து நகர்ந்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது, காட்சிக்காக அடுக்கப்பட்டிருந்த கோழித் துண்டுகள் ஆறிப்போய்க் குப்பைத் தொட்டிக்குச் சென்றுகொண்டிருந்தன.

அந்த மண்டபத்துக்கு எதிரில் லைன் வீடுகள் இருக்கின்றன. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியேறும் ஒன்றரை ஷிப்ட் முடிந்து, பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் காலி டிபன் பாக்ஸுடன் அப்புகையின் ஊடே நடந்து சென்றார்கள். எங்களுள் ஒருவர் மனம் பொறுக்காமல், மிஞ்சியிருந்த ஒரு தட்டை எடுத்துச் சென்று ஒரு பையனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. "கித்னா பையா?" என்று விலை கேட்டான்.

நாங்கள் பெற்ற கோப்பை அந்தக் கேள்வியின் முன் ஒன்றுமில்லாததாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் நம் தோளோடு தோள் உரசி ஸஃப்பில் நிற்பவன் அவன். நம் பெருநாளில் ஒரு தட்டு உணவு விலையின்றிக் கிடைக்கும் என்று அவனால் எண்ண இயலவில்லை. அப்படி எண்ணுவதற்கான காரணம் எதையும் நாம் அவனுக்குத் தந்ததில்லை.

சுட்ட இறைச்சி நமக்கு அந்நியமானது என்றோ, மேலைநாட்டு மோகம் என்றோ சிலர் கூறுகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் சுட்ட இறைச்சியை உண்டதாக ஹதீஸ்கள் உள்ளன. திருக்குர்ஆனிலேயே ஒரு சுட்ட இறைச்சி விருந்து இடம்பெறுகிறது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் இல்லத்துக்கு விருந்தினர் வந்த செய்தியை 11ஆம் அத்தியாயமும் 51ஆம் அத்தியாயமும் எடுத்துரைக்கின்றன. வந்தவர்கள் வானவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. முன்பின் அறியாத மனிதர்கள் என்றே கருதினார். ஆயினும் ஊர் எது, குலம் எது என்று விசாரிக்கவில்லை. ஓசையின்றித் தம் வீட்டாரிடம் சென்று, தாமதிக்காமல் கொழுத்த கன்றைச் சுட்டுக் கொண்டுவந்து, அவர்கள் அருகிலேயே வைத்தார்.

இதிலுள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். விருந்தினர் அறியாதவர், சமையலோ ஆரவாரமற்றது, உணவு விருந்தினரைத் தேடிச் செல்கிறது. எங்கள் போட்டியில் மூன்றும் தலைகீழாயின. உண்டவர் அனைவரும் அறிந்தவர். சமைக்கும் முன்பே பேனர் ஏறியது. அறியாதவனோ தெருவோடு போனான்.

எங்கள் கருத்தை மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

பரிசு இல்லையென்றால் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்பது முதல் வாதம். இதைச் சொல்வோர் ரமளானில் பள்ளிவாசலின் பின்புறம் சென்று பார்த்ததில்லை போலும். நோன்பு வைத்துக்கொண்டு, நண்பகல் வெயிலில் விறகடுப்பின் முன் நின்று, அடிபிடிக்காமல் கஞ்சியைக் கிண்டும் கைகளுக்கு யார் கோப்பை கொடுத்தார்கள்? நோன்பாளிக்கு உணவளிப்பவருக்கு அந்த நோன்பின் கூலி உண்டு என்ற நற்செய்தி ஒன்றே அவர்களை முப்பது நாளும் அங்கு நிறுத்துகிறது. இறைவனுக்காக உணவளிப்போர் கைம்மாறும் நன்றியும் எதிர்பாரார் என்று 76ஆம் அத்தியாயம் கூறுவதை ஓதுகிறோம். ஓதிவிட்டுக் கோப்பைக்குக் கை நீட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

வடமாநிலத்தவர்க்கு நம் உணவு பிடிக்காது என்பது இரண்டாவது. கஞ்சிக்கு இது ஓரளவு உண்மையாகலாம். அவர்கள் ஊர் இஃப்தாரில் பொரியும் கொண்டைக்கடலையும் பகோடாவும் இருக்கும். அப்படியானால் கடலையை வேகவைப்பதில் என்ன சிரமம்? மேலும், கரியில் சுட்ட கறியை வேண்டாமென்னும் ஊர் எது? பிடிக்காது என்று நாமே முடிவு செய்துவிட்டால், கேட்கும் வேலை மிச்சமாகிறது, அவ்வளவே.

நன்மையில் போட்டியிட இஸ்லாம் அனுமதிக்கிறது என்பது மூன்றாவது. அனுமதி மட்டுமா? நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:148) கட்டளையே இடுகிறது. ஆனால் எதில் முந்துவது என்பதே கேள்வி. செல்வரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா விருந்தை ஹதீஸ் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். ஏழையின் வாசலிலேயே சமைத்து, அவனை அழையாமல், மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவதை எந்த நன்மையின் கணக்கில் எழுதுவது?

இத்தகைய போட்டிகளின் தாயகமான அமெரிக்காவையும் பார்ப்போம். கான்சாஸ் சிட்டியில் 1980 முதல் பெரும் பார்பிக்யூ போட்டி நடைபெற்று வருகிறது. அங்கே சமைக்கப்படுவதில் நமக்கு ஹராமான பன்றி இறைச்சியும் உண்டு. அதில் நமக்குப் பங்கில்லை. எனினும் அத்தகைய போட்டிகளில் எந்தக் குழுவின் இறைச்சி என்பது நடுவருக்குத் தெரியாதபடி, பெயரை மறைத்தே பெட்டியில் வைக்கிறார்கள். 2011 மே மாதத்தில் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி அழித்தபோது, போட்டிகளுக்குச் சென்று பழகிய குழுக்கள் தங்கள் அடுப்புகளோடு அங்கே விரைந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுகளை வழங்கின. ஆபரேஷன் பார்பிக்யூ ரிலீஃப் என்னும் அமைப்பு அதிலிருந்தே பிறந்தது. அவர்களால் இயன்றது, நபி இப்ராஹீமின் வழியைச் சொந்தம் கொண்டாடும் நமக்கு இயலாதா?

திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிற்கூடத்தை 1925இல் தொடங்கியவர் என்று குறிப்பிடப்படுபவர் குலாம் காதர் சாகிப். அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அன்று முதல் இந்த ஊர் வெளியூர்க் கைகளால் வளர்ந்தது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே பலர். நேற்று நாம் வந்த இரயிலில் இன்று வேறொருவர் வந்து இறங்குகிறார். பெருமையை வாங்கிக்கொண்டவர்கள் பொறுப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குழுக்களைக் கலைக்க வேண்டுமென்று நாங்கள் கூறவில்லை. போட்டி வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும், விதிகளை மாற்றுவோம். ஒவ்வொரு குழுவும் ஒரு லைன் வீட்டுத் தெருவை ஏற்கட்டும். ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு உணவு அத்தெருவில் இருக்கட்டும். வாங்குபவர் முஸ்லிமா, ஒடிசாவின் இந்துச் சகோதரரா என்று கேட்காதிருப்போம். வாங்கும் கையைப் படம் எடுக்காதிருப்போம். ரமளானில் கம்பெனி வாசலுக்கே கஞ்சியும் கடலையும் மஃரிபுக்கு முன் சென்று சேரட்டும். முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்கள் நோன்பு திறக்கவும் தொழவும் மிஷினை நிறுத்தி நேரம் கொடுக்கட்டும். வீட்டுக்குள் இஞ்சி பூண்டு அரைத்த பெண்களின் பங்கையும் நினைவில் வைப்போம். இப்ராஹீம் (அலை) அவர்களும் தம் வீட்டாரிடமே சென்றார். குழம்பில் சற்று நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்ன நபிமொழி, பணமில்லை என்னும் சாக்கையும் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

வருகின்ற பெருநாளில் எங்கள் பீப்பாய் அடுப்பு மண்டபத்துக்குப் போகாது. எதிர்ப்புறம், அந்த லைன் வீடுகளின் முன் எரியும், இன்ஷா அல்லாஹ். அந்தப் பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்று தெரியவில்லை. இருந்தால், விலை கேட்கும் முன்பே அவன் கையில் தட்டு இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்குவானாக! வஸ்ஸலாம்.